எரிந்துபோன பதிவேடுகளின் நாட்டில்

வருவாய்த்துறையில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு வேலை பேர் எழுதுவதுதான். வாக்காளர் பட்டியல், வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் என்று எதை எடுத்தாலும் அடியில் ஒரே கேள்விதான் கிடக்கும்: இவர் யார், எந்த ஊர், எது இவருக்குச் சொந்தம்? எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் இதற்குப் பதில் சொல்ல நூறு வருஷத்துக் காகிதம் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரின் பீரோவைத் திறந்தால் அடங்கல், சிட்டா, ‘அ’ பதிவேடு எல்லாம் இருக்கும். தகராறு என்று வந்தால் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். 2001-இல் ஐ.நா. தன்னார்வலராகத் தேர்தல் வேலைக்குக் கிழக்குத் திமோர் போனேன். அங்கே பீரோ, பீரோ இருந்த அறை, அறைக்கு மேலிருந்த கூரை எல்லாமே எரிந்திருந்தன.

திமோர் தீவின் கிழக்குப் பாதி பல நூற்றாண்டுகள் போர்ச்சுகல் கையில் இருந்தது. 1975 நவம்பர் 28-ஆம் தேதி ஃப்ரெட்டிலின் கட்சி சுதந்திரம் அறிவித்தது. ஒன்பதாம் நாள் இந்தோனேசியப் படை வந்து இறங்கியது. மறுவருஷம் அந்த நாட்டைத் தன் 27-ஆவது மாகாணம் என்று சேர்த்துக்கொண்டது. 24 வருஷ ஆக்கிரமிப்பில் குறைந்தது 1,02,800 பேர் கொலையாலும் பசியாலும் நோயாலும் செத்தார்கள் என்று பின்னால் அமைந்த உண்மை அறியும் ஆணையம் கணக்கிட்டது. ஆக்கிரமிப்பு தொடங்கியபோது அந்த ஊர் ஜனத்தொகை ஏழு லட்சத்தைக்கூட எட்டவில்லை. 1998-இல் இந்தோனேசியாவில் சுகார்த்தோ ஆட்சி விழுந்தது. அடுத்து வந்த ஹபிபி வாக்கெடுப்புக்குச் சம்மதித்தார். 1999 ஆகஸ்ட் 30 அன்று, பதிவு செய்திருந்தவர்களில் 98.6 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 78.5 சதவீதம் பேர் இந்தோனேசியாவோடு இருக்க மாட்டோம் என்றார்கள்.

அதற்குக் கொடுத்த விலைதான் நான் பார்த்த சாம்பல். இந்தோனேசிய ராணுவம் வளர்த்துவிட்ட மிலிஷியாக்கள் சில வாரங்களில் நாட்டின் கட்டடங்களில் பெரும்பகுதியை எரித்தன. இரண்டரை லட்சம் பேர் எல்லை தாண்டி மேற்குத் திமோருக்குத் துரத்தப்பட்டார்கள். செப்டம்பர் 20-ஆம் தேதி ஆஸ்திரேலியா தலைமையில் பன்னாட்டுப் படை வந்தது. அக்டோபர் 25-இல் பாதுகாப்பு கவுன்சில் நாட்டின் நிர்வாகம் முழுவதையும் ஐ.நா.விடம் ஒப்படைத்தது. சட்டம் போடுவது, வரி வாங்குவது, நீதிபதியை நியமிப்பது என எல்லா அதிகாரமும் செர்ஜியோ வியேரா டி மெல்லோ என்ற ஒரே பிரேசில்காரர் கையில் இருந்தது. நல்ல மனிதர், திறமைசாலி. 2003-இல் பாக்தாதில் ஐ.நா. அலுவலகத்தின் மீது நடந்த குண்டுவெடிப்பில் இறந்துபோனார். ஆனால் எத்தனை நல்ல மனிதராக இருந்தாலும், ஊரார் தேர்ந்தெடுக்காத ஒருவர் கையில் அவ்வளவு அதிகாரம் இருந்தால் அந்த ஊரில் எல்லாரும் காத்திருக்கப் பழகிவிடுவார்கள். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

எனக்கு மேற்கு எல்லையில் உள்ள மலியானாவில் வேலை. தலைநகர் திலியிலிருந்து கடலோரமாகப் போய், லோயிஸ் ஆற்றைத் தாண்டி, உள்ளே ஏற வேண்டும். ஏறி இறங்கினால் சட்டென்று நெல்வயல் விரியும். டெல்டாக்காரனுக்கு அதைப் பார்த்ததும் ஒரு நிம்மதி. ஆனால் ஊருக்குள் நுழைந்தால் நிம்மதி நிற்காது. 1999 செப்டம்பர் 8-ஆம் தேதி, உயிருக்குப் பயந்து இந்த ஊர்க் காவல் நிலையத்தில் அடைக்கலம் புகுந்தவர்களைத் தேடித்தேடி வெட்டினார்கள். கொன்றவர்களில் பலர் பக்கத்துத் தெருக்காரர்கள். வெட்டியவனும் வெட்டுப்பட்டவனின் தம்பியும் ஒரே வாக்குச்சாவடிக்கு வரவேண்டிய ஊரில் பட்டியல் எழுதும் வேலை எங்களுக்கு.

முதலில் நடந்தது குடிமக்கள் பதிவு. 2001 மார்ச்சிலிருந்து ஜூன் வரை நாடு முழுக்க ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து, விவரம் எழுதி, போட்டோ எடுத்தார்கள். ஏறக்குறைய 7,37,000 பேர் பதிவானார்கள். அந்தப் பதிவிலிருந்துதான் 17 வயது நிரம்பியவர்களின் வாக்காளர் பட்டியல் வந்தது.

மலியானாவில் எங்கள் மேஜையை நடத்தியது நான் என்று சொன்னால் பொய். இந்தோனேசியர் காலத்தில் வட்டார அலுவலகத்தில் கீழ்நிலை எழுத்தராக இருந்த ஒரு பெண்மணிதான் நடத்தினார். ஊர் அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்கு மேலிருந்த அதிகாரிகள் அத்தனை பேரும் ஜாவாவிலிருந்தும் சுலாவெசியிலிருந்தும் வந்தவர்கள். 1999-இல் லாரி ஏறிப் போய்விட்டார்கள். நாடு முழுக்க இதே கதை. ஆக்கிரமித்தவன் மேல் நாற்காலிகளைத் தன் ஆட்களுக்கு வைத்துக்கொண்டு, அடிமட்டத்து வேலையை மட்டும் உள்ளூர்க்காரர்களுக்குக் கொடுத்திருந்தான். அவன் போனதும் “இங்கே நிர்வாகம் தெரிந்தவர்களே இல்லை” என்று வந்தவர்கள் முடிவுகட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த வீட்டில் எத்தனை பேர், யார் யாருக்கு இரண்டாம் தாரம், எந்தப் பையன் காட்டிலிருந்த கெரில்லாக்களுக்குச் சோறு கொண்டு போனான் என்பதெல்லாம் அக்காவுக்குத் தெரியும். எங்கள் ஊரில் நல்ல தலையாரிக்கு இருக்கும் அறிவு அது. தாசில்தார் மாறிக்கொண்டே இருப்பார், தலையாரி இல்லாமல் ஒரு தாலுகாவும் ஓடாது.

ஒரு நாள் ஒரு கிழவர் வந்தார். கெமாக் மொழி மட்டும் பேசுபவர். பிறந்த தேதி கேட்டேன். சிரித்தார். எங்கள் விதிப்படி தேதி இல்லாமல் பதிவு நகராது. அக்கா என் கையிலிருந்த படிவத்தை வாங்கிக்கொண்டு, “வயசைக் கேட்காதீங்க அண்ணா, ஜப்பான்காரன் வந்தப்ப என்ன செஞ்சாருன்னு கேளுங்க” என்றார். 1942-இல் ஜப்பான் படை அந்தத் தீவைப் பிடித்துக்கொண்டது. கிழவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்போது எருமை மேய்த்துக்கொண்டிருந்தாராம். படைக்காரர்கள் எருமைகளை ஓட்டிக்கொண்டு போனதும் அப்பா அடித்தாராம். எருமை மேய்க்கும் வயசு எட்டோ ஒன்பதோ. 1933 என்று எழுதினோம். அடுத்து வந்தவரிடம், “போர்ச்சுகீசியர் போன வருஷம் உங்க மூத்த மகள் நடந்தாளா, தவழ்ந்தாளா?” என்று அக்கா கேட்டார். எங்கள் பக்கத்திலும் பெரிய புயலை வைத்து வயசு சொல்லும் பாட்டிகள் உண்டு. ஆகையால் இந்தக் கணக்கு எனக்குப் புதிதில்லை. ஆனால் அதைக் கேட்கும் தெம்பு உள்ளூர்க்காரருக்குத்தான் வரும். படிவத்தை வெளிநாட்டான் நீட்டினால் அது விசாரணை ஆகிவிடும்.

காகிதம் அடியோடு அழிந்துவிட்டது என்று சொன்னதில் ஒரு விலக்கு உண்டு. தேவாலயங்களில் ஞானஸ்நானப் பதிவேடுகள் சில தப்பித்திருந்தன. ஆக்கிரமிப்பு தொடங்கியபோது கத்தோலிக்கர்கள் சிறுபான்மை. முடிந்தபோது நாட்டில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கத்தோலிக்கர்கள். அந்தக் காலத்தில் திமோர்க்காரன் தன் சொந்த மொழியில் கூடி நிற்க முடிந்த இடம் தேவாலயம் ஒன்றுதான். திலி மறைமாவட்டத்தின் அன்றைய தலைவர் ஆயர் பெலோ, ஜோசே ராமோஸ் ஹோர்த்தாவோடு சேர்ந்து 1996-இல் நோபல் அமைதிப் பரிசு வாங்கியதை உலகம் அறியும். எனக்கு அதைவிட, பழைய பங்குப் பதிவேட்டில் நீல மையில் எழுதியிருந்த பேர்களே பெரிதாகத் தெரிந்தன. பிள்ளை பேர், அப்பா பேர், அம்மா பேர், ஞானத்தாய் பேர் எல்லாம் அதில் இருந்தன. பெண்ணின் சொந்தப் பேர் அதில் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். நம் நாட்டின் முதல் பொதுத்தேர்தலில் ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்று மட்டுமே பதிந்திருந்ததால் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்களை நீக்கவேண்டி வந்தது. பட்டியல் வேலை செய்பவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

பதிவு செய்ய வந்தவர்கள் வரிசையில் கேட்ட கேள்விகளில் அடிக்கடி வந்தது, “இந்த லிஸ்ட் யார் கைக்குப் போகும்?” என்பதுதான். நியாயமான பயம். 1999-இல் வாக்கெடுப்புக்குப் பேர் கொடுத்தவர்கள் வீடுதான் எரிந்தது. அந்த வாக்கெடுப்பில் பெட்டிகளை ஊர் ஊராக எண்ணாமல் எல்லாவற்றையும் திலிக்குக் கொண்டுவந்து, கலந்து, நாட்டுக்கே ஒரு முடிவாக அறிவித்திருந்தார்கள். இந்தக் கிராமம் எப்படி ஓட்டுப் போட்டது என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காகத்தான். நம் நாட்டிலும் காகித வாக்குச்சீட்டுக் காலத்தில் சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. இயந்திரம் வந்த பிறகு ஒவ்வொரு சாவடியின் எண்ணிக்கையும் தனித்தனியாக வெளியே வருகிறது. அது எனக்கு இன்றுவரை உடன்பாடில்லாத விஷயம். போர் முடிந்த நாட்டில் ரகசியம் என்பது தனி ஆளின் ஓட்டுக்கு மட்டும் இருந்தால் போதாது, ஊரின் ஓட்டுக்கும் வேண்டும்.

அடுத்த பயம் கட்சி. நான் எதிர்பாராதது இது. ஐம்பது வயது தாண்டியவர்கள் பலர், “எங்களுக்குக் கட்சி வேண்டாம், நல்லவர்கள் சிலரைச் சொல்லுங்கள், அவர்களுக்கே போடுகிறோம்” என்றார்கள். 1975 ஆகஸ்டில் யூ.டி.டி. கட்சிக்கும் ஃப்ரெட்டிலினுக்கும் உள்நாட்டுச் சண்டை நடந்தது. அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி என்று பிரிந்து சுட்டுக்கொண்டார்கள். அந்தச் சண்டையைக் காரணம் காட்டித்தான் இந்தோனேசியா உள்ளே வந்தது. அவர்கள் நினைவில் கட்சி, சண்டை, அந்நியப் படை மூன்றும் ஒரே வரிசையில் வந்தவை. இப்போது 16 கட்சிகள் களத்தில். வாக்காளர் கல்வி என்று நாங்கள் கொண்டுபோன சுவரொட்டிகளில் சீட்டில் எங்கே குறியிடுவது என்று படம் இருந்தது. தோற்றவர்கள் வீட்டுக்குப் போவார்களா, துப்பாக்கி எடுப்பார்களா என்று ஜனங்கள் கேட்டதற்குச் சுவரொட்டியில் பதில் இல்லை.

அதற்குப் பதில் அரசியல்வாதிகளிடமிருந்து வந்தது. 2001 ஜூலையில் 16-இல் 14 கட்சிகள் தேசிய ஒற்றுமை உடன்பாட்டில் கையெழுத்திட்டன. முடிவு எதுவானாலும் ஏற்போம், வன்முறைக்குப் போக மாட்டோம் என்பது அதன் சாரம். விடுதலைப் போராட்டத் தலைவர் ஷனானா குஸ்மாவ் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய் அதையே சொன்னார்கள். மலியானா சந்தையில் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே மேடையில் வெயிலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபிறகுதான் ஜனங்கள் எங்களிடம் சாவடி எங்கே என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஐ.நா. செலவழித்த காசில் இதற்கு ஒரு பைசாவும் ஆகவில்லை.

ஆகஸ்ட் 30, வாக்கெடுப்பின் இரண்டாம் வருஷ நாள். வேண்டுமென்றேதான் தேர்தலுக்கு அந்தத் தேதியை வைத்தார்கள். 88 பேர் கொண்ட அரசியல் நிர்ணய சபை. 75 பேர் நாடு தழுவிய விகிதாசார முறையில், 13 மாவட்டத்துக்கும் ஒருவர் வீதம் 13 பேர். நூற்றுக்கு 91 பேர் ஓட்டுப் போட்டார்கள். விடியும் முன்பே வரிசை நின்றது. நல்ல துணி உடுத்தி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, மலையிலிருந்து நடந்தே வந்திருந்தார்கள். அடிதடி இல்லை. ஃப்ரெட்டிலினுக்கு 55 இடம் கிடைத்தது. பெண்கள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வந்தார்கள், அதுவும் கட்டாய இட ஒதுக்கீடு வேண்டாம் என்று முன்பே முடிவான பிறகு.

இதெல்லாம் நடந்தும் எல்லைக்கு அந்தப் பக்கம் பல்லாயிரம் பேர் முகாம்களில் இருந்தார்கள். சிலர் மிலிஷியாவில் இருந்தவர்கள், பலர் அவர்களுக்குப் பயந்தே திரும்பாதவர்கள். திரும்பி வருபவனை ஊர் என்ன செய்யும்? கொலை, பாலியல் வன்கொடுமை போன்றவற்றுக்குத் திலியில் தனி நீதிமன்றக் குழு இருந்தது. வீடு எரித்தவன், மாடு ஓட்டியவன், அடித்தவன் எல்லாரையும் கோர்ட்டுக்குக் கொண்டுபோனால் நூறு வருஷம் ஆகும். 2001 ஜூலையில் அமைந்த வரவேற்பு, உண்மை, நல்லிணக்க ஆணையம் இதை ஊர் வழக்கப்படி செய்தது. பாய் விரித்து, ஊர்ப்பெரியவர்களை உட்காரவைத்து, வெற்றிலை பாக்கு மாற்றி, செய்தவன் எல்லார் முன்னாலும் செய்ததைச் சொல்லவேண்டும். பாதிக்கப்பட்டவர் கேள்வி கேட்பார். பிறகு ஈடு முடிவாகும்: பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடுவது, தேவாலயத்தைச் சுத்தம் செய்வது, ஒரு ஆடு, சில சமயம் மன்னிப்பு மட்டும். அந்த உடன்பாட்டை மாவட்ட நீதிமன்றம் பதிவு செய்யும். ஏறக்குறைய 1,400 பேர் இப்படி ஊருக்குள் சேர்ந்தார்கள். பஞ்சாயத்தின் தீர்ப்புக்குச் சட்டத்தின் முத்திரையும் கிடைத்தது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. நம் கட்டப்பஞ்சாயத்துகளைப் பார்த்தவனுக்கு அந்த முத்திரையின் அருமை தெரியும். ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும்: பெரிய குற்றத்துக்கு உத்தரவிட்ட தளபதிகள் இந்தோனேசியாவில் சௌக்கியமாக இருந்தார்கள். ஆடு கொடுத்தவன் கூரை எரித்த கூலிக்காரன். இந்த அநியாயத்தை அந்த ஜனங்கள் இன்றும் சுமக்கிறார்கள்.

வெளியிலிருந்து போனவர்கள் எதில் நிதானித்தோம், எதில் அவசரப்பட்டோம் என்று பார்த்தால் இரண்டும் தலைகீழாக நடந்தது. அதிகாரத்தை ஒப்படைப்பதில் நிதானம் காட்டினோம். முதல் எட்டு மாதங்களுக்குத் திமோர்த் தலைவர்களுக்கு ஆலோசனை சொல்லும் இடம் மட்டும்தான். 2000 ஜூலையில்தான் நான்கு திமோர்க்காரர், நான்கு வெளிநாட்டவர் என்று எட்டுத் துறைகளோடு அமைச்சரவை வந்தது. முழுக்கத் திமோர்க்காரர்கள் கொண்ட அமைச்சரவை 2001 செப்டம்பர் 20-இல். கீழே மாவட்டங்களில் இன்னும் தாமதம். நிர்வாகம் கற்றுக்கொடுக்க வந்த இளைஞர்கள் ஒப்பந்தம் முடிந்து ஊர் போவார்கள், அடுத்தவர் வந்து முதலிலிருந்து ஆரம்பிப்பார். திலித் துறைமுகத்தில் மிதக்கும் ஹோட்டலில் ஐ.நா. ஊழியர்கள் தங்கியிருக்க, கரையில் வேலை கேட்டு இளைஞர்கள் நின்றார்கள்.

அவசரப்பட்டது ராணுவத்திலும் போலீசிலும். 24 வருஷம் மலையில் கிடந்த ஃபாலிந்தில் போராளிகளில் 650 பேரைப் புதிய ராணுவத்தின் முதல் பட்டாளத்துக்கு எடுத்தார்கள். 2001 பிப்ரவரி 1-இல் ராணுவம் பிறந்தது. விடுபட்டவர்களுக்குக் கொஞ்சம் உதவித்தொகை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். போலீசில் அனுபவம் வேண்டும் என்று இந்தோனேசியர் காலத்துப் போலீஸ்காரர்கள் சிலரையும் சேர்த்தார்கள். யார் எந்தப் பக்கத்துக்காரர், யார் எதற்காக விடுபட்டார் என்ற மனக்கசப்பை எந்தப் படிவமும் கேட்கவில்லை. 2002 ஏப்ரலில் ஷனானா குஸ்மாவ் ஜனாதிபதியாகத் தேர்வானார், மே 20-இல் கொடி ஏறியது, உலகம் கைதட்டியது. 2006-இல் பாகுபாடு என்று புகார் சொன்ன சுமார் 600 சிப்பாய்களை வேலையைவிட்டு நீக்கினார்கள். ராணுவமும் போலீசும் திலித் தெருவில் ஒன்றையொன்று சுட்டன. கிழக்கத்தியார், மேற்கத்தியார் என்று ஜனங்கள் வீடு எரித்துக்கொண்டார்கள். ஒன்றரை லட்சம் பேர் மறுபடி அகதிகள். பிரதமர் மாரி அல்கதிரி பதவி விலகினார். ஆஸ்திரேலியப் படையைத் திரும்பக் கூப்பிட வேண்டி வந்தது.

செய்தியைத் தஞ்சாவூரில் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் சாதாரணமில்லை. “பார்த்தீர்களா, இவர்களுக்கு ஆளத் தெரியாது” என்று சொல்லக் காத்திருந்தவர்களுக்கு வாய்ப்பாகிவிட்டதே என்ற கோபம். ஆனால் அதே நாடு அடுத்த வருஷமே, 2007-இல், ஜனாதிபதித் தேர்தலையும் நாடாளுமன்றத் தேர்தலையும் தன் சொந்தத் தேர்தல் அமைப்புகளின் பொறுப்பில் நடத்தியது. ஐ.நா. கூடவே இருந்தது, ஆனால் கையெழுத்து அவர்களுடையது. ஆளும் கட்சி கையிலிருந்து ஆட்சி மாறியது. 2008 பிப்ரவரியில் ஜனாதிபதி ராமோஸ் ஹோர்த்தா சுடப்பட்டார், பிழைத்துக்கொண்டார். அரசு கவிழவில்லை. 2006-இல் வீடிழந்து முகாம்களில் இருந்தவர்களுக்குப் பணம் கொடுத்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். எண்ணெய்ப் பணத்தைச் சேர்த்துவைக்க 2005-இலேயே நார்வே பாணியில் நிதியம் ஒன்று அமைத்திருந்தது கைகொடுத்தது. 2012 டிசம்பர் கடைசியில் ஐ.நா. பணிக்குழு மூட்டை கட்டியது. 2017-இல் ஐ.நா. குழு ஏதும் இல்லாமல் தேர்தல் நடந்தது. பெரும்பான்மை இல்லாத அரசு விழுந்து 2018-இல் மறுதேர்தல் வந்தபோதும் யாரும் துப்பாக்கி எடுக்கவில்லை. 2025 அக்டோபரில் ஆசியான் அமைப்பின் 11-ஆவது உறுப்பினர் ஆனது. இந்தோனேசியாவும் உட்கார்ந்திருக்கும் மேஜை அது.

பேர்ப் பதிவேடு முடிந்தது, நிலப் பதிவேடு இன்னும் முடியவில்லை. வருவாய்த்துறைக்காரனாக எனக்கு மிச்சமிருக்கும் கவலை இதுதான். ஒரே துண்டு நிலத்துக்குப் போர்ச்சுகீசியர் காலத்துப் பத்திரம் ஒருவரிடம், இந்தோனேசியர் காலத்துப் பட்டா இன்னொருவரிடம், பாட்டன் காலத்து அனுபோகம் மூன்றாமவரிடம். எழுபதுகளின் கடைசியில் ராணுவம் மலை ஜனங்களை இறக்கிச் சாலையோரம் குடிவைத்தது. அவர்கள் குடியிருக்கும் மண் வேறு யாருடையதோ. 1999-இல் ஓடியவன் வீட்டில் கூரை இழந்தவன் குடிபுகுந்தான், அவனுக்கு அங்கேயே பேரப்பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். இவற்றையெல்லாம் தீர்க்க ஒரு சட்டம் 2017-இல்தான் வந்தது. அதில் வழக்காற்று உரிமைக்கும் நீண்டகால அனுபோகத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள், அது சரியான முடிவு.

அதை நடைமுறைக்குக் கொண்டுவருவதற்கு என்னைக் கேட்டால் ஜமாபந்தியைச் சொல்வேன். வருஷத்துக்கு ஒருமுறை அதிகாரி தாலுகாவுக்கே போய், எல்லாக் கணக்கையும் ஜனங்கள் முன்னால் விரித்து, ஆட்சேபம் உள்ளவர் எழுந்து சொல்லும் முறை. திலியில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படத்தில் கோடு போட்டால் கோடுதான் மிஞ்சும். மலியானா வயல்களில் எது யாருடைய வரப்பு என்று தெரிந்த பெரியவர்கள், ஜப்பான்காரன் எருமை ஓட்டியதை நினைவு வைத்திருந்தவர்கள், ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். மிச்சம் இருப்பவர்களை வரப்பில் நிறுத்திக் கேட்டு, அந்த ஊர் எழுத்தரே எழுதி, அந்த ஊர் ஜனங்களே சாட்சிக் கையெழுத்துப் போட்டு முடிக்க வேண்டிய வேலை இது. இன்னும் பத்து வருஷம் தள்ளினால் கேட்பதற்கு ஆள் இருக்காது.